விமான நிலையத்து வானிலைக் குறிப்பும் நான் எழுதிய ஒரு ‘நில்’லும்

போன சித்திரையில் ஒரு நாள் மாலை நான்கு மணி இருக்கும். எதிர் வீட்டுத் தம்பி களத்தில் கடலைக்காய் காயப் போட்டிருந்தான். வடக்கே சங்ககிரி மலைப் பக்கம் வானம் லேசாகக் கறுத்திருந்தது. நான் திண்ணையில் மூக்குக் கண்ணாடியும் செல்போனுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “ஏனுங்ணா, அந்த ஏரோப்ளேன் கணக்குல என்ன போட்டிருக்குதுங்க? மழை வருங்களா?” என்று கேட்டான்.

ஏரோப்ளேன் கணக்கு என்பது எங்கள் தெருவில் வைத்த பெயர். விமான நிலையங்களில் அரை மணிக்கு ஒரு முறை வானத்தைப் பார்த்து எழுதி அனுப்பும் ஒரு வரிக் குறிப்பு அது. துறைக்காரர்கள் அதை மெட்டார் என்பார்கள். வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். கோவை, திருச்சி, பெங்களூர் மூன்றையும் தினமும் படிப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதைக் கற்ற பிறகுதான், நாற்பது வருடத்துக்கு முன் நான் செய்த ஒரு தவறு எவ்வளவு பெரியது என்பதும் உறைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தக் குறிப்பு வந்த கதை.

நம் பெரியவர்களுக்கும் வானிலைக் குறிப்புகள் இருந்தன. தட்டான் தாழப் பறந்தால் மழை, அந்தியில் ஈசல் பறந்தால் அடைமழை, நிலாவைச் சுற்றி அகல வட்டம் போட்டால் பகல் மழை என்று சொல்லி வைத்தார்கள். எல்லாம் கண்ணால் பார்த்ததைச் சுருக்கி வைத்த வாசகங்கள்தான். ஆனால் பார்த்தவர் பார்த்த ஊருக்கு மட்டுமே அது உதவும். திருச்செங்கோட்டில் தட்டான் தாழப் பறந்ததை நாகப்பட்டினத்துக்காரருக்குச் சொல்ல அன்று வழியில்லை.

முறையாக அளந்து எழுதி வைக்கும் வேலை சென்னையில் தொடங்கியது. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக் கூடம் 1792 இல் எழுந்தது. நட்சத்திரங்களைப் பார்க்கத்தான் அதைக் கட்டினார்கள். 1796 முதல் அங்கே வெப்பம், காற்றழுத்தம் போன்றவற்றையும் குறிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் அந்தக் கணக்கு நோட்டுக்குள்ளேயே இருந்தது. இன்று எழுதியதை நாளைக்குள் வேறு ஊருக்குச் சொல்ல முடியாதவரை, அதை வைத்து யாரும் யாருக்கும் முன்னறிவிப்பு கொடுக்க முடியாது.

அந்தக் கட்டை அவிழ்த்தது தந்தி. புயல் நடந்து வரும், தந்தி பறந்து போகும். புயலைவிட வேகமாகச் செய்தி போகிறது என்றால், புயலுக்கு முன்னால் இருக்கும் ஊரை எழுப்பிவிடலாம் அல்லவா? அப்படி எழுப்ப ஆளில்லாமல் 1864 அக்டோபர் 5 ஆம் தேதி கல்கத்தாவைப் புயல் அடித்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அதை அடுத்து 1866 இல் ஒரிசாப் பஞ்சம். இந்த அடிகளுக்குப் பிறகு 1875 இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது. ஹென்றி பிளான்ஃபோர்டு என்பவர் அதன் முதல் தலைவர். அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம் தொடங்கிவிட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் நம் சேலம் ஜில்லா பட்ட பாட்டை என் பாட்டி தன் பாட்டி சொன்னதாகச் சொல்லுவார். மழைக் கணக்கு என்பது ஏதோ படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று இந்த ஊரில் யாரும் நினைக்க முடியாது.

தந்தியில் வானிலை அனுப்பும்போது இரண்டு சிக்கல்கள் வந்தன. ஒன்று செலவு. தந்திக்கு வார்த்தைக் கணக்கில் காசு என்பது நமக்குத் தெரியும். ‘அப்பா சீரியஸ் உடனே வா’ என்று நாலு வார்த்தையில் அடித்த தலைமுறைதானே நாம். ஐந்து இலக்க எண் ஒன்றை ஒரு வார்த்தையாகக் கணக்கிடுவார்கள். ஆகவே காற்று, மேகம், மழை, அழுத்தம் எல்லாவற்றையும் ஐந்து ஐந்து இலக்கங்களாகக் கட்டி அனுப்பினார்கள். இன்றும் வானிலைக் கூடங்கள் அனுப்பும் அறிக்கை ஐந்து இலக்கக் கட்டுகளாகத்தான் இருக்கிறது. மீனம்பாக்கத்தின் அடையாள எண்ணே 43279.

இரண்டாவது சிக்கல் நேரம். எல்லா ஊரும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். அன்று ஊருக்கு ஒரு நேரம். ரயிலுக்கும் தந்திக்கும் மதராஸ் நேரம் என்று ஒன்று இருந்தது. 1906 இல்தான் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இன்றைய இந்திய நேரம் வந்தது. கிரீன்விச்சில் விடியற்காலை மூன்று மணி என்றால் நமக்கு எட்டரை. உலகம் முழுக்க வானிலைக் கூடங்கள் மூன்று மணிக்கு ஒரு முறை ஒரே கணத்தில் பார்க்கும் வரிசையில் இதுவும் ஒன்று. தாலுகா ஆபீஸ் மழைமானியைக் காலை எட்டரைக்கு அளப்பதும் அந்த வரிசையோடு சேர்ந்ததுதான். வேலை பார்த்த காலத்தில் எனக்கு இது தெரியாது. எட்டரை என்றால், ஆபீஸ் கூட்டுவதற்கு முன்பு முடிக்க வேண்டிய வேலை என்றே நினைத்திருந்தேன்.

பிறகு விமானம் வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். கப்பலுக்குப் புயல் எச்சரிக்கை இருந்தால் போதும். விமானிக்கு அது போதாது. இறங்கப்போகும் இடத்தில் இந்த நிமிடம் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, எவ்வளவு தூரம் கண் தெரிகிறது, மேகம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது வேண்டும். போக்குவரத்து பெருகப் பெருக, எந்த நாட்டு விமானி எந்த நாட்டில் இறங்கினாலும் படிக்கக் கூடிய ஒரே வடிவம் தேவைப்பட்டது. அப்படி 1968 ஜனவரி 1 முதல் உலக அளவில் வந்ததுதான் இந்த மெட்டார். டெலிபிரிண்டர் போய்விட்டது. 2013 ஜூலையில் நம் தந்தியும் நின்றுவிட்டது. தந்தி மொழியில் எழுதிய இந்தக் குறிப்பு மட்டும் இன்னும் அரை மணிக்கு ஒரு முறை வந்துகொண்டே இருக்கிறது.

ஒரு மாதிரிக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். நான் அவற்றின் ஒலியை எழுதுகிறேன்.

வி ஓ டி ஆர் – 141030 இசட் – 24008 கே டி – 6000 – எஃப் இ டபிள்யூ 035 சி பி – எஸ் சி டி 100 – 33/24 – க்யூ 1005 – நோசிக்.

முதல் நான்கு எழுத்து ஊர். வி ஓ என்று தொடங்கினால் தென்னிந்தியா. டி ஆர் திருச்சி. கோவைக்கு சி பி, சென்னைக்கு எம் எம். நம் காமலாபுரம் விமான நிலையத்துக்கும், அதாவது சேலத்துக்கும், எஸ் எம் என்று ஓர் அடையாளம் உண்டு.

அடுத்தது 14 ஆம் தேதி, கிரீன்விச் நேரம் பத்தரை. ஐந்தரையைக் கூட்டினால் நமக்கு மாலை நான்கு. புதிதாகப் படிப்பவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். காலைக் குறிப்பை ராத்திரியுடையது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் ஒரு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

24008 என்றால் காற்று 240 பாகைத் திசையிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து, எட்டு நாட் வேகத்தில் வருகிறது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது, எங்கே போகிறது என்பதல்ல, எங்கிருந்து வருகிறது என்பது. ஆடி மாதத்தில் கோவைக் குறிப்பைப் பார்த்தால் காற்று பெரும்பாலும் மேற்கையே காட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் அந்தக் காற்றுதான் ஈரோடு தாண்டி வந்து நம் ஊரில் தட்டியையும் தகரத்தையும் தூக்குகிறது. அம்மியைப் பறக்கவிடும் காற்றின் நுழைவாயில் எது என்று எனக்கு அந்த எண்ணில்தான் புரிந்தது.

6000 என்றால் ஆறாயிரம் மீட்டர் தூரம் கண் தெரிகிறது. பிறகு மேகம். வானத்தை எட்டுப் பங்காகப் பிரிக்கிறார்கள். எஃப் இ டபிள்யூ என்றால் ஒன்றிரண்டு பங்கு, எஸ் சி டி என்றால் மூன்று நான்கு பங்கு, பி கே என் என்றால் ஐந்து முதல் ஏழு, ஓ வி சி என்றால் வானம் முழுக்க மூடியிருக்கிறது. பக்கத்திலுள்ள எண் மேகத்தின் அடிப்பக்கம் நிற்கும் உயரம், நூறு அடிக் கணக்கில். 035 என்றால் 3500 அடி. கூடவே சி பி என்று இருந்தால் இடிமேகம். கோபுரம் போல எழும்பும் அந்த மேகத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். டி எஸ் என்று இருந்தால் இடி கேட்டே விட்டது. ஆர் ஏ மழை. மூடுபனியைவிட லேசான பனிமூட்டத்துக்கு பி ஆர், புகைக்கு எஃப் யூ. இந்த இரண்டும் ஆங்கிலச் சொல்லோடு பொருந்தவில்லையே என்று குழம்பியிருந்தேன். அவை பிரெஞ்சுச் சொற்களின் சுருக்கம் என்று நண்பர் சொன்னார்.

33/24 இல் முதலாவது வெப்பம். இரண்டாவது பனிநிலை, அதாவது எந்த அளவுக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் துளியாகும் என்பது. இரண்டுக்கும் இடைவெளி குறைந்தால் காற்றில் ஈரம் அதிகம். பகல் நேரத்தில் அந்த இடைவெளியை நானூறால் பெருக்கினால், எழும்பும் மேகத்தின் அடி எத்தனை அடி உயரத்தில் இருக்கும் என்று தோராயமாகக் கிடைக்கும். இங்கே ஒன்பது. பெருக்கினால் 3600. மேலே கண்ட 3500 உடன் ஒத்துப்போகிறது பாருங்கள்.

க்யூ 1005 காற்றழுத்தம். ரேடியோவில் மில்லிபார் என்று கேட்டோமே, அதே அளவுதான், பெயர் மட்டும் மாறிவிட்டது. க்யூ என்ற எழுத்தே கம்பியில்லாத் தந்திக் காலத்துச் சுருக்க மொழியின் மிச்சம். இந்த எண்ணை வைத்துத்தான் விமானி தன் உயரமானியைத் திருத்திக்கொள்கிறார். ஓர் அலகு பிசகினால் ஏறக்குறைய முப்பது அடி தவறும். பத்து அலகு பிசகினால் முந்நூறு அடி. இருட்டில், மேகத்துக்குள், மலைப் பக்கம் இறங்கும் விமானத்துக்கு முந்நூறு அடி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

அழுத்தத்தில் ஒரு பாடம் எனக்குக் கிடைத்தது. காலை பத்து மணிக்கு 1009 இருந்தது, மாலை நான்குக்கு 1005 ஆகிவிட்டது, புயல் வரப்போகிறது என்று ஒரு நாள் நண்பருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். நம் பக்கம் காற்றழுத்தம் கடல் ஓதம் மாதிரி தினமும் இரண்டு முறை ஏறி இறங்குமாம். காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் உச்சம். மாலை நான்குக்கும் விடிகாலை நான்குக்கும் இறக்கம். மூன்று நான்கு அலகு தானாகவே மாறும். ஆகவே இன்று மாலை நான்கை நேற்று மாலை நான்கோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படியும் குறைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கடைசிச் சொல் நோசிக். அடுத்த இரண்டு மணி நேரத்துக்குச் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்று பொருள். இந்த ஒரு சொல் மட்டும்தான் முன்னறிவிப்பு. மற்றதெல்லாம் கண்டது கண்டபடி. நாளைக்கு என்ன என்பதற்கு வேறு அறிக்கை உண்டு. கண்டதையும் கருதியதையும் அவர்கள் கலப்பதில்லை.

நம்மைப் போன்றவர்கள் இதை வைத்து என்ன முன்கூட்டிச் சொல்ல முடியும்? கொஞ்சம் முடியும். புயல் நேரத்தில் ஒரு பழைய விதி நன்றாக உதவும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், நம் பாதி உலகத்தில் தாழ்வுப் பகுதி இடது கைப் பக்கம் இருக்கும். 1857 இல் பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் சொன்னது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறி மேற்கே போனது. அப்படி மேற்கே போகும் புயலுக்கு வடக்கில் இருக்கும் ஊரில், காற்று முதலில் வடக்கு வடகிழக்கிலிருந்து வரும். பிறகு கிழக்கு, அப்புறம் தென்கிழக்கு என்று திரும்பும். தென்கிழக்குக்குத் திரும்பிவிட்டால் புயல் நம்மைக் கடந்து போகிறது என்று மூச்சு விடலாம். விமான நிலையக் குறிப்புகளை அரை மணிக்கு ஒரு முறை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் கோடை இடிமழைக்கு இது பாதிதான் உதவும். குறிப்பு எழுதுபவர் பார்ப்பது தன் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வானத்தை. அக்கம்பக்கம் என்று அவர்கள் எழுதுவதே பதினாறு கிலோமீட்டருக்குள்தான். நமக்குக் கோவையும் திருச்சியும் ஆளுக்கொரு நூறு கிலோமீட்டருக்கு மேல். நூறு எதற்கு? 2015 டிசம்பர் 2 காலை எட்டரை வரையான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29 பெய்தது. மூன்றும் ஒரே மாநகரம். மழைப்பேறும் மகப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்று சும்மா சொல்லவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மெட்டாரில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் எழுத்துகள் அல்ல, எழுதாத இடங்கள். ஒரு கருவி கெட்டுப்போய் ஏதாவது ஒன்றை அளக்க முடியவில்லை என்றால் அந்த இடத்தில் சாய்வுக் கோடுகள் போடுகிறார்கள். அறிக்கையே இல்லை என்றால் ‘நில்’ என்று போடுகிறார்கள். வானிலைக் கூடங்களின் ஐந்து இலக்க அறிக்கையில் இன்னும் நுணுக்கம். மழை அளவு எழுதாமல் விட்டால், ஏன் விட்டோம் என்பதற்கு ஓர் எண் உண்டு. 3 என்றால் மழை பெய்யவில்லை. 4 என்றால் அளவு கிடைக்கவில்லை. இல்லை என்பது வேறு, தெரியவில்லை என்பது வேறு. இரண்டும் ஒன்றல்ல என்று உலகம் முழுக்க உட்கார்ந்து பேசி, இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் ஆபீஸ் பதிவேடுகளிலும் ‘நில்’ என்று எழுதுவோம். அங்கே அதற்குப் பொருள் பூஜ்யம்.

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிது. எந்த ஊர் என்று வேண்டாம். மழைமானி அளக்கும் வேலை கடைசியாகச் சேர்ந்தவன் தலையில் விழும். ஐப்பசி மாதம், சனிக்கிழமை மதியமே உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து அளந்தால் 68 மில்லிமீட்டர். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ‘நில்’ என்று எழுதினேன். திங்கள் கட்டத்தில் 68 போட்டேன். கூட்டுத்தொகை சரியாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெரியவர் வந்தார். சனிக்கிழமை ராத்திரி மழையில் மண்சுவர் இடிந்து வீடு போய்விட்டது, நிவாரணம் வேண்டும் என்று மனு. கோப்பு எங்கள் மேசைக்கு வந்தபோது மழைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். சனி காலை எட்டரை முதல் ஞாயிறு காலை எட்டரை வரை மழை ‘நில்’. மழையே பெய்யாத ராத்திரியில் மழையால் வீடு எப்படி விழும்? மனு திரும்பிவிட்டது. பெரியவர் மூன்று முறை வந்தார். “பேஞ்சுதுங்க சாமி, ஊரே நனைஞ்சுதுங்க” என்று ஒவ்வொரு மேசையாகச் சொன்னார். என் மேசையிலும் சொன்னார். நான் தலை குனிந்து வேறு தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கிராம அதிகாரியின் அறிக்கையை வைத்துப் பணம் வந்தது. ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் பனிக்காலம் முழுக்க அவர் எங்கே படுத்தாரோ. அன்று நான் ஒரு கோடு இழுத்து, அளக்கவில்லை, இரண்டு நாளும் சேர்த்து 68 என்று எழுதியிருந்தால் எனக்கு ஒரு மெமோ கிடைத்திருக்கும். அவருக்கு நேரத்தில் கூரை கிடைத்திருக்கும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மெட்டார் பாடத்தில் ‘நில்’ என்ற சொல்லுக்கு நண்பர் பொருள் சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் போனபோது விட்ட இடத்தில் இன்று எழுதுகிறேன், அவ்வளவுதான்.

கில்பர்ட் வாக்கர் என்பவர் 1904 முதல் இருபது ஆண்டுகள் நம் வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தார். பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடி, உலகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த அழுத்தக் கணக்குகளையும் மழைக் கணக்குகளையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பசிபிக் கடல் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்கும், அது ஏறினால் இது இறங்கும் என்று ஓர் ஊஞ்சலைக் கண்டுபிடித்தார். இன்று எல் நினோ என்று செய்தியில் கேட்கிறோமே, அதன் பாதி அவர் கண்டது. எங்கெங்கோ காலையில் எழுந்து போய் அளந்து எழுதிய பெயர் தெரியாத குமாஸ்தாக்களின் கணக்குதான் அவருக்கு முதல். அவர்களில் எத்தனை பேர் கல்யாணத்துக்குப் போனார்களோ தெரியாது. பெரும்பாலோர் போகவில்லை என்பதால்தான் அந்த ஊஞ்சல் தெரிந்தது.

சரி, எதிர் வீட்டுத் தம்பி பதிலுக்குக் காத்திருக்கிறான். முன்பெல்லாம் வரும், வராது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன். கேட்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். அன்று அப்படிச் சொல்லவில்லை.

“கோயமுத்தூர்ல இடி இல்ல தம்பி. திருச்சியில இடிமேகம் போட்டிருக்கறாங்க. காத்துல ஈரம் இருக்குது. நம்மூருக்கு யாரும் பாத்து எழுதல, அதனால எனக்குத் தெரியாது. தார்ப்பாயை எடுத்துக் களத்தோரமா வெச்சுக்க.”

“தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு நேரம் போனைப் பாத்தீங்க?” என்று சிரித்துக்கொண்டே போனான். ஆனாலும் தார்ப்பாயை எடுத்து வைத்தான். ஆறரை மணிக்கு நாலு தூறல் போட்டுவிட்டு மேகம் ராசிபுரம் பக்கம் போய்விட்டது. என் டைரியில் ‘தூறல், அளக்கும் அளவு இல்லை’ என்று எழுதிக்கொண்டேன்.